17,000 ரூபாய்க்கு வாங்கிய மாருதி 800, இன்ஜின் ஜாம்: எங்கிருந்து தொடங்குவது?

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். 1999 மாடல் மாருதி 800 ஒன்று வாங்கியிருக்கிறேன். கார்புரேட்டர் வண்டி, ஏ.சி. கிடையாது. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) ஆறு வருடமாக நின்றது. 2014-ல் ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பித்திருக்கிறார்கள். அந்த ஐந்து வருடமும் 2019-ல் முடிந்ததும், மறுபடி புதுப்பிக்க மனமில்லாமல் தகரக் கொட்டகையில் தள்ளிவிட்டார்கள். பாடி நன்றாக இருக்கிறது. தரைத் தகட்டில் மட்டும் ஓர் இடத்தில் உள்ளங்கை அளவு துரு.

இன்ஜின் சுற்றவில்லை. பேட்டரி மாட்டிச் சாவி திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான்காவது கியரில் போட்டுத் தள்ளினால் முன்சக்கரம் மண்ணில் இழுபடுகிறது.

நான் பனியன் கம்பெனியில் மெஷின் மெயின்டனன்ஸ் வேலையில் இருக்கிறேன். ஸ்பேனர் புதிதல்ல, கார் இன்ஜின்தான் புதிது. அம்மாவுக்கு மூட்டு வலி, பைக்கிலும் டவுன் பஸ்ஸிலும் ஏற முடிவதில்லை. வீட்டுக்கு ஒரு கார் வேண்டும், கையில் இருப்பது இவ்வளவுதான். எங்கிருந்து தொடங்கட்டும்?

சிக்கனம் (சேலம்)

நண்பரே, வருத்தப்படாதீர்கள், உள்ளதைச் சொல்கிறேன். 17,000 என்பது ஆரம்பம்தான். 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அதுவும் 10,000 ஆகிவிட்டது. தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி. ஒரு நட்டைக் கழற்றும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் மொத்தக் கணக்கைக் கேளுங்கள். இதே பணத்துக்குக் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் ஓடுகிற வண்டி கிடைக்கும்.

நொய்யல்கரை

அதை முதலிலேயே கேட்டுவிட்டேன் அண்ணா. அந்தக் கணக்கைக் காட்டித்தான் 28,000 சொன்னவர் 17,000-க்கு இறங்கினார். பெயர் மாற்றத்துக்கான 29, 30 பாரங்களில் கையெழுத்தும் வாங்கியாயிற்று. சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கின்றன.

பழைய_பட்டறை (ஈரோடு)

தம்பி, காகிதத்தை முதலில் பார்த்தது சரியான வேலை.

இனி வண்டி. "ஜாம்" என்பது நோயின் பெயர் இல்லை. எதனால் பிடித்தது என்று தெரியாமல் கை வைத்தால் நல்ல பாகத்தையும் கெடுத்துவிடுவோம். நாற்பது வருடமாகப் பட்டறையில் பார்த்தவரை நான்கு வகை உண்டு. ஆயில் இல்லாமல் ஓடி பேரிங் உருகிப் பிடித்தது. தண்ணீர் இல்லாமல் சூடேறி பிஸ்டன் போரில் (சிலிண்டரின் உட்சுவரில்) தேய்த்துப் பிடித்தது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து நின்றது. சும்மா நின்று துருப்பிடித்தது. முதல் இரண்டும் ஓடும்போது நடப்பவை, உலோகம் காயப்பட்டிருக்கும். கடைசி வகைதான் பொறுமைக்கு இணங்கும்.

அதனால் விற்றவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள். கடைசியாக வண்டி எப்படி நின்றது? தானாக ஓடிவந்து கொட்டகையில் நின்றதா, கட்டி இழுத்துவந்து விட்டார்களா?

அப்புறம், இன்ஜின்தான் பிடித்திருக்கிறது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரோ வாட்டர் பம்போ பிடித்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி எடுங்கள். அதன் பல், ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல் வளையமான வீல் ரிங்கில் சிக்கியிருந்தாலும் இதே கதைதான். பிறகு மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, முனையை ஃபோட்டோ எடுத்துப் போடுங்கள். அதுவரை சாவியைத் தொடாதீர்கள்.

முடிச்சூர்வாசி (சென்னை)

ஐயா சொன்ன மூன்றாவது வகையில் அடிபட்டவன் நான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் கார் கதவுக் கைப்பிடி வரை தண்ணீரில் நின்றது. வடிந்த மறுநாள் ஆத்திரத்தில் நானே ஸ்டார்ட் செய்தேன். அரைச் சுற்று சுற்றி "டங்" என்று நின்றது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றியிருந்தால் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும். முழு இன்ஜின் வேலை வந்தது. சாவியைத் தொடாதே என்று அவர் சொல்வதை அப்படியே கேளுங்கள்.

நொய்யல்கரை

விவரம் இதோ.

விற்றவரின் அப்பாவிடம் பேசினேன். கோபியிலிருந்து அவரே ஓட்டிவந்து நிறுத்தியிருக்கிறார். சூடு ஏறவில்லை, புகை இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் ஒன்று சொன்னார். ஏர் ஃபில்டர் மூடியை எடுத்து வேறு வண்டிக்குப் போட்டுவிட்டார்களாம். கொட்டகைக் கூரை ஒழுகும், பானெட் சரியாக மூடாது.

பெல்ட்டைக் கழற்றினேன். ஆல்டர்னேட்டரும் பம்பும் கையால் சுற்றுகின்றன. ஸ்டார்ட்டரை எடுத்தும் மாற்றம் இல்லை. ஆயில் கருப்பாக இருக்கிறது, பால் கலந்த மாதிரி இல்லை. ரேடியேட்டர் வறண்டு கிடக்கிறது. இரண்டாவது, மூன்றாவது பிளக்குகள் உலர்ந்த கரி நிறம். டைமிங் பெல்ட் பக்கத்து முதல் பிளக்கின் முனையில் செங்கல் தூள் மாதிரி துரு.

பழைய_பட்டறை

அதுதான் விஷயம். நல்ல செய்தி என்றே சொல்வேன்.

இன்ஜின் எங்கே நின்றாலும் ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வ் திறந்தபடிதான் இருக்கும். உங்கள் வண்டியில் அது ஒன்றாம் சிலிண்டராக இருந்திருக்கிறது. மூடியில்லாத கார்புரேட்டர் வழியாக மழை ஈரம் இறங்கியிருக்கிறது. பிஸ்டன் அலுமினியம், அது துருப்பிடிக்காது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் போரும் வார்ப்பிரும்பு. ரிங் போரோடு ஒட்டிக்கொண்டது. ஆக, மூன்றில் ஒன்றுதான் பிடித்திருக்கிறது, மற்ற இரண்டும் அதோடு சேர்ந்து நிற்கின்றன. தானாக ஓடிவந்து நின்ற வண்டி என்பதால் கிராங்க் (இன்ஜினின் சுழல் தண்டு), பேரிங் நன்றாக இருக்கும் என்று நம்பலாம்.

செய்ய வேண்டியது ஊறப்போடுவது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குப் போடும் ஏ.டி.எஃப். ஆயில் பாதி, அசிட்டோன் பாதி. ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் ஐம்பது மில்லி ஊற்றுங்கள். துணியால் அடைத்துவிடுங்கள், தூசி விழக்கூடாது. அசிட்டோன் சீக்கிரம் ஆவியாகும், அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் சேர்க்க வேண்டும். கலக்கும் இடத்தில் பீடி, வெல்டிங், விளக்கு எதுவும் கூடாது. காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். இது அடுத்த வாரம் ஓட்டும் வேலை இல்லை தம்பி. பத்து நாள் ஆகும், சில வண்டி ஒரு மாதமும் எடுக்கும்.

வேகத்தடை (மதுரை)

இவ்வளவு நாள் எதற்கு? டிராக்டரில் கட்டி, மூன்றாவது கியரில் இழுத்தால் ஒரே இழுப்பில் விட்டுவிடும். எங்கள் ஊரில் இப்படித்தான் செய்வார்கள்.

பழைய_பட்டறை

செய்வார்கள், விடவும் செய்யும். எதை உடைத்துக்கொண்டு விடுகிறது என்பதுதான் கேள்வி. துருவில் ஒட்டிய ரிங் நடுவில் முறியும், முறிந்த துண்டு போரைக் கீறும், பிஸ்டன் ஓரம் பெயரும். டிராக்டருக்கு அது தெரியாது. கையால் அழுத்தினால் எங்கே இறுகுகிறது என்று கைக்குத் தெரியும். தயவுசெய்து இழுக்க வேண்டாம்.

சிக்கனம்

நான் கேட்பது வேறு. சென்னை புதுப்பேட்டை பழைய பாகச் சந்தையில் ஓடுகிற நிலையில் இந்த இன்ஜினே கிடைக்குமே? 2014 ஜனவரி வரை தயாரித்த வண்டி, பழைய இன்ஜினுக்கா பஞ்சம்? மாற்றிவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்.

முடிச்சூர்வாசி

என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி மாற்றினார். பொருத்துவது ஒரு நாள்தான், ஆர்.சி.யில் ஏற்றுவது எத்தனை நாள் என்று அவரிடம் கேட்க வேண்டும். இன்ஜின் நம்பர் மாறினால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும், வாங்கியதற்கு முறையான பில் வேண்டும். பில் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் வழக்கு நம் தலையில் வரும். அதோடு, அந்தப் பழைய இன்ஜின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதும் யாருக்கும் தெரியாது. இங்கே சொந்த நம்பரோடு, கிராங்க் கெடாத ஒன்று இருக்கிறது. முதலில் இதைக் காப்பாற்றப் பாருங்கள்.

நொய்யல்கரை

நான்காம் நாள். முன்சக்கரத்தைக் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் பாக்ஸ் போட்டு இரண்டடி கம்பியால் அழுத்திப் பார்த்தேன். சுவரைத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது. நண்பன் ஒருவன் ஆறடி பைப் கொண்டுவரட்டுமா என்கிறான்.

பழைய_பட்டறை

வேண்டாம். ஆறடி பைப் போட்டால் போல்ட் தலை முறியும், அதை எடுப்பது பெரிய வேலை. இரண்டடியே போதும். போல்ட் இறுகும் திசையில் மட்டும் அழுத்துங்கள், எதிர்த்திசையில் அழுத்தினால் போல்ட் கழன்றுவிடும். பின்பக்கமாக அசைக்க வேண்டுமானால் ஸ்டார்ட்டர் இருந்த ஓட்டை வழியாகப் பெரிய ஸ்க்ரூ டிரைவரை வைத்து வீல் ரிங்கின் பல்லைத் தள்ளலாம். முன்னே ஒரு தரம், பின்னே ஒரு தரம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம்.

சக்கரத்தைக் கழற்றினேன் என்றீர்களே, கீழே ஸ்டாண்ட் வைத்தீர்களா? ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே தலையை நீட்டாதீர்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் கழற்றிய சக்கரத்தையாவது வண்டிக்கடியில் படுக்கப் போடுங்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

நொய்யல்கரை

ஜாக்கி மட்டும்தான் வைத்திருந்தேன் ஐயா. இன்றே ஒரு ஜோடி ஸ்டாண்ட் வாங்கிவிட்டேன்.

யாழ்_ஓட்டி (யாழ்ப்பாணம்)

உங்கட இழையை முதலில இருந்து வாசிச்சுக்கொண்டு வாறன். இஞ்ச 2020-ல இருந்து 2025 வரைக்கும் கார் இறக்குமதியை நிப்பாட்டி வைச்சிருந்தவை, அப்ப பழைய மாருதி 800-இன்ர விலையைக் கேட்டிருந்தால் நீங்கள் நம்பியிருக்கமாட்டியள். ஆரும் இரும்புக்குக் குடுக்கேல்லை. கொட்டிலுக்குள்ள கிடந்த காரெல்லாம் திருப்பி றோட்டுக்கு வந்தது. என்ர காரும் இப்பிடித்தான் இறுகிக் கிடந்தது. பன்னிரண்டாம் நாள்தான் அசைஞ்சது. கைவிடாதேங்கோ தம்பி.

நொய்யல்கரை

ஒன்பதாம் நாள், இரவு எட்டேகால். அசைந்துவிட்டது!

சத்தமே இல்லை. அழுத்திக்கொண்டே இருந்தபோது கம்பி மெழுகில் இறங்குவது போல ஒரு விரல்கடை இறங்கியது. வீல் ரிங்கில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தேன், இரண்டு பல் நகர்ந்திருக்கிறது. கை நடுங்கியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பழைய_பட்டறை

சந்தோஷம் தம்பி. இப்போது ஆசைப்பட்டுச் சுற்றிவிடாதீர்கள். இரண்டு பல் முன்னே, இரண்டு பல் பின்னே. மறுபடி ஊற்றி ஓர் இரவு விடுங்கள். நாளைக்கு நான்கு பல். உரிந்த துரு ரிங்குக்கும் போருக்கும் நடுவில் கிடக்கும், ஆயில்தான் அதை வெளியே தள்ள வேண்டும்.

நொய்யல்கரை

பன்னிரண்டாம் நாள் முழுச் சுற்று வந்தது. சம்ப் ஆயிலை வடித்தேன், அசிட்டோன் வாடையோடு தண்ணீராக வந்தது. புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, ஸ்டார்ட்டரை மாட்டி, பிளக் இல்லாமல் சுற்றவிட்டேன். சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் இரவல் வாங்கிப் பார்த்ததில் இரண்டாவது 130, மூன்றாவது 135. முதலாவது 55 பி.எஸ்.ஐ.தான். அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்தால் 90 வந்தது.

பழைய_பட்டறை

ஆயில் விட்டதும் ஏறினால் ரிங் கசிய விடுகிறது என்று பொருள். முழுதாக ஏறவில்லை என்பதால் வால்வும் சரியாக உட்காரவில்லை. ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) திறந்துதான் ஆக வேண்டும். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரேயடியாக ஒரு மூலையைத் தளர்த்தினால் அலுமினிய ஹெட் வளையும்.

நொய்யல்கரை

திறந்துவிட்டேன். முதல் போரில் ரிங் நின்ற இடத்தில் வளையம் போட்ட மாதிரி கோடு. எமரி வைத்துத் தேய்த்த பிறகும் புள்ளி புள்ளியாகக் குழி தெரிகிறது. மற்ற இரண்டு போரும் கண்ணாடி மாதிரி. ஹோனிங் (போரை லேசாக உரசிச் சீராக்குவது) மட்டும் போட்டுப் புது ரிங் மாட்டினால் போதுமா?

கடைசல்காரன் (கோவை, கணபதி)

லேத் பட்டறை வைத்திருக்கிறேன், போரிங் என் தினசரி வேலை. அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

நகத்தால் அந்தக் கோட்டைக் குறுக்கே கீறிப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால் ஹோனிங் போதும். நகம் தடுக்கினால் போதாது. அந்தக் குழி வழியாக ஆயில் மேலே ஏறிப் புகை வரும், ஆறே மாதத்தில் மறுபடி இறக்க வேண்டி வரும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் போர்தான் போட (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டியிருக்கும்.

ஒரு சிலிண்டருக்கு மட்டும் பெரிய பிஸ்டன் போடலாமா என்று பலர் கேட்பார்கள். எடை மாறும், அழுத்தம் மாறும், மூன்று சிலிண்டர் இன்ஜின் ஏற்கெனவே ஆட்டம் உள்ளது. மூன்றையும் ஒரே அளவுக்குப் போடுங்கள்.

முக்கியமான விஷயம் ஒன்று. பிஸ்டனை முதலில் வாங்கி, இன்ஜின் பிளாக்கோடு சேர்த்துப் பட்டறையில் கொடுங்கள். பெட்டியில் போட்ட அளவும் கையில் இருக்கும் பிஸ்டனின் அளவும் கொஞ்சம் வித்தியாசப்படும். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்துதான் அதற்குரிய போரைத் திறக்க வேண்டும். போர் முதலில், பிஸ்டன் பிறகு என்று எந்தப் பட்டறை சொன்னாலும் பிளாக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

நொய்யல்கரை

நகம் தடுக்கிறது அண்ணா. நல்லவேளை கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை செயின் பிளாக் வைத்து இன்ஜினை இறக்குகிறோம்.

நொய்யல்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பட்டறையில் அளந்து, 0.25 மி.மீ. ஓவர்சைஸில் குழி போகாது, 0.50 போட வேண்டும் என்றார்கள். 68.5 மி.மீ. போர் இப்போது 69. ஸ்ட்ரோக் 72 என்பதால் 796 சி.சி. இன்ஜின் 808 ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். ரிங்குகளை ஒவ்வொன்றாகப் போருக்குள் வைத்து, ஃபீலர் கேஜால் வாய் இடைவெளி பார்த்தேன். கால் மில்லிமீட்டரை ஒட்டி வந்தது. கிராங்கில் ஒரு கீறல்கூட இல்லை, ஐயா முதல் நாள் சொன்னது அப்படியே. ஆனாலும் திறந்த கையோடு பேரிங் புதிது போட்டுவிட்டேன்.

செலவு: பிஸ்டனும் ரிங்கும் 4,200, போரிங் 1,800, ஹெட் ஃபேசிங்கும் வால்வ் வேலையும் 2,000, கேஸ்கட் செட் 1,100, பேரிங் 1,400, டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் 1,900, ஆயில் கூலன்ட் எல்லாம் 1,900, ஊறப்போட்ட செலவு 400. ஏற்றி இறக்கக் கூடவே நின்ற மெக்கானிக்குக்கு 1,500. மொத்தம் 16,200.

பழைய_பட்டறை

சிக்கனமாகவும் முறையாகவும் செய்திருக்கிறீர்கள். ஆனால் இன்ஜின் ஓடுவதற்கு முன் வண்டி நிற்கிறதா என்று பாருங்கள். ஆறு வருடம் நின்ற வண்டியில் பிரேக்கும் பிடித்திருக்கும். வீல் சிலிண்டர், ஹோஸ், பழைய பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் தயாரித்த வருடம். பூ (மேல் வரிப்பள்ளம்) எவ்வளவு இருந்தாலும் பத்து வருட டயரில் அம்மாவை ஏற்றாதீர்கள்.

பெட்ரோல் டேங்கை இறக்கிக் கழுவுங்கள். பழைய பெட்ரோல் பிசின் ஆகியிருக்கும். இப்போது பங்கில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. 1999 ரப்பர் ஹோஸ் அதற்காகச் செய்ததல்ல, ஊறி விரிசல் விடும், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும். ஹோஸ் எல்லாம் புதிது போடுங்கள், கார்புரேட்டர் கிட்டும் சேர்த்து.

நொய்யல்கரை

டயரில் 3112 என்று இருந்தது, நான்கையும் மாற்றிவிட்டேன். பிரேக், டயர், பேட்டரி சேர்த்து 18,400. இன்ஜினைவிட இதுதான் அதிகம்.

சிக்கனம்

மொத்தம் 51,600. ஆர்.சி. செலவு தனி. இந்த விலைக்கு ஓடுகிற 800 கிடைக்கும் என்பதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. ஆனால் புது போர், புது பிரேக், புது டயரோடு கிடைக்காது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய_பட்டறை

முதல் ஸ்டார்ட்டுக்கு: பிளக் இல்லாமல், ஆயில் விளக்கு அணையும் வரை சுற்றவிடுங்கள், பேரிங்குக்கு ஆயில் ஏற வேண்டும். பிறகு பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். வெறுமனே ஐடிலில் ஒரு மணி நேரம் விடாதீர்கள், ரிங் உட்காராது. கசிவு இல்லையென்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் போக வேண்டாம், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். 500 கி.மீ. ஆனதும் ஆயிலை மாற்றிவிடுங்கள், வடிப்பதில் இரும்புப் பொடி மினுங்கும், பயப்பட வேண்டாம்.

நொய்யல்கரை

இன்று காலை ஆறரைக்கு, மூன்றாவது முயற்சியில் ஸ்டார்ட் ஆனது. ஒரு நிமிடம் வெள்ளைப் புகை, அப்புறம் இல்லை. அந்த மூன்று சிலிண்டர் துடிப்பைக் கேட்டதும் பக்கத்து வீட்டுத் தாத்தா வெளியே வந்து, "800-ஆ?" என்றார். அவிநாசி ரோடு வரை போய்வந்தேன், பக்கத்து சீட்டில் அம்மா.

ஒரே குறை. சூடு முள் பாதிக்கு மேல் ஏறி, சட்டென்று இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஃபேன் சரியாகச் சுற்றுகிறது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று சோதனைக்கு) வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள்.

பழைய_பட்டறை

உள்ளே காற்று நின்றிருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் ஒட்டித் திறக்கிறது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மூக்கை மேடாக நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதைத் திறந்துவைத்து ஓடவிடுங்கள், குமிழ் நிற்கும் வரை கூலன்ட் ஊற்றுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா பாருங்கள். புதன்கிழமைக்குள் முடித்துவிட்டுச் சொல்லுங்கள் தம்பி, ஹேண்ட் பிரேக்கையும் ஒரு தடவை இறுக்கிவிடுங்கள். எஃப்.சி.யில் அதைப் பார்ப்பார்கள்.